சுலபமாகப் போன கறை

கறை போய்விட்டது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

துவைக்கிற கல்லின் மேல் கிடந்த நீலச் சட்டையை அவள் மறுபடியும் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். சட்டைப் பையின் மேல் பெருவிரல் அகலத்துக்கு ஒரு கிரீஸ் தீற்றல் இருந்தது. இரண்டு நிமிடத்துக்கு முன்புவரை இருந்தது. வழக்கம்போல மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்து, பார் சோப்பை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, பிரஷ்ஷை எடுக்கத் திரும்பினாள். அதற்குள் கறை நுரையோடு நுரையாக வழிந்து ஓடிவிட்டது. சண்டைக்கு வந்த இடத்தில் ஆளைக் காணாதவள்போல, கையில் பிரஷ்ஷோடு நின்றாள்.

பதினாறு வருஷமாக அவளுக்கும் கிரீஸுக்கும் பங்காளிச் சண்டை. புருஷன் பஸ் டெப்போவில் ஃபிட்டர். பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலை செய்கிறவருடைய சட்டையில் கறை எங்கே விழும் என்று அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். காலரில் விழும், இடது தோளில் விழும், வலது முழங்கையில் அப்பிக்கொள்ளும். அது லேசுப்பட்ட கிரீஸ் இல்லை. பஸ்ஸின் வயிற்றுக்குள் மாதக்கணக்கில் கிடந்து, இரும்புத் தூளையும் ரோட்டுப் புழுதியையும் தின்று கறுத்த கிரீஸ். மண்ணெண்ணெய், சோப்பு, பிரஷ், வெயில், மறுபடியும் மண்ணெண்ணெய் என்று மூன்று சுற்று போனால்தான் மனசில்லாமல் வெளுக்கும். அப்போதும் ஒரு சாம்பல் நிழலை விட்டுவிட்டுத்தான் போகும். அந்த நிழல் இல்லாத சட்டை அவர்கள் வீட்டில் கிடையாது.

ஒரே இழுப்பில் போகிற கிரீஸ் எது என்றும் அவளுக்குத் தெரியும். போன வருஷம் பின்கதவுக் கீல் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தபோது, அவர் ஒரு பழைய தைல டப்பாவில் கொஞ்சம் புது கிரீஸ் கொண்டுவந்து தடவினார். தேன் நிறத்தில் இருந்தது. அது அவள் புடவையில் பட்டபோது சோப்பைக் காட்டியதும் ஓடிப்போனது. புது கிரீஸுக்கு இன்னும் எந்தப் பஸ்ஸையும் தெரியாது. அதனால் அதற்குப் பிடிவாதமும் தெரியாது.

கையைத் துடைத்துக்கொண்டு பின்கதவுக்குப் போனாள். டப்பா நிலைப்படிக்கு மேலே பலகையில்தான் இருக்கும். எட்டிப் பார்த்தாள். தூசிக்கு நடுவே வட்டமாக ஒரு சுத்தமான இடம் இருந்தது. டப்பா இல்லை.

இன்னொன்றும் இருந்தது. சட்டை நனைந்திருக்கும்போது தெரியாது. காய்ந்ததும் வந்து நிற்கும். இரண்டு கைகளிலும் முழங்கைவரைக்கும், இடுப்புக்குப் பக்கத்திலும் திட்டுத் திட்டாக ஒரு மினுக்கம், காயவே காயாத தண்ணீர் மாதிரி. அந்தத் திட்டுகளும் பையின் மேலிருக்கிற கிரீஸும் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை. முந்தாநாள் இஸ்திரி போடும்போது அதிலிருந்து ஒரு வாசனை கிளம்பியது. டெப்போ வாசனை இல்லை. அவள் பெட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டுச் சட்டைக் கையை மூக்கருகே கொண்டுபோனாள்.

"என்னம்மா, போலீஸ் நாய் மாதிரி மோந்துக்கிட்டு நிக்கிற?" என்றாள் ஒன்பதாவது படிக்கிற மகள், ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டே. "திருடனக் கண்டுபிடிச்சிட்டியா?"

"போடி, பஸ்ஸு போயிடப் போகுது."

"போனா என்ன? எல்லாப் பஸ்ஸும் எங்கப்பாவுக்குச் சொந்தக்காரங்கதான்." பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் அதன் பக்கவாட்டுத் தகரத்தை இரண்டு தட்டுத் தட்டி, 'எங்கப்பா சரி பண்ணது' என்று தோழிகளிடம் சொல்லுகிற பெண் அவள்.

சாயங்காலம் வாசலில் அவர் வந்து நிற்கும்போது ஒரு விளையாட்டு உண்டு. கல்யாணமான புதிதில் தொடங்கியது. அவர் உள்ளே கால் வைப்பதற்கு முன்னால் அவள் சட்டையை மேலும் கீழும் பார்த்து, அன்றைக்கு என்ன வேலை என்று சொல்லவேண்டும். "கியர்பாக்ஸ்" என்பாள். "இல்ல. நல்லா பாரு" என்பார். "பிரேக்கா?" "இன்ஸ்பெக்டருக்குக் கண்ணு மங்கிடுச்சு. ஆக்சில்டீ, ஆக்சில். பிரேக்குன்னா சாம்பல் கலந்திருக்கும்ல?" அவர் சரியென்று ஒப்புக்கொள்வது மாதத்துக்கு ஒரு தடவை நடந்தால் அதிசயம். இன்ஸ்பெக்டர் என்ற பட்டம் அப்படி வந்ததுதான். தப்பாகச் சொல்லித் தப்பாகச் சொல்லியே ஒரு பஸ்ஸின் உடம்பு முழுவதையும் அவள் கற்றுக்கொண்டிருந்தாள்.

இப்போது மூன்று வாரமாக அவள் எதைச் சொன்னாலும் அவர் "ஆமா" என்கிறார்.

முதலில் அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு அந்த 'ஆமா' உள்ளங்காலில் தைத்த முள் மாதிரி ஆகிவிட்டது. நடக்கும்போது மறந்துபோகும், நின்றால் குத்தும். சாப்பிட உட்கார்ந்தால் அவர் நகக்கண்ணைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்தே கறுப்பு என்று அவள் நினைத்திருந்த நகக்கண் வெளுத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் படுத்தால் மண்ணெண்ணெய் வாசனை இல்லை. கடையிலிருந்து வாங்கி வந்த புது மனுஷன் மாதிரி இருந்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் வாசலுக்கு வந்தபோது, சட்டைப் பையின் மேல் பளபளவென்று கிரீஸ் இருந்தது. அவள் கதவில் சாய்ந்துகொண்டு பார்த்தாள்.

"இன்னிக்கு ரேடியேட்டரா?" என்றாள்.

ரேடியேட்டரில் தண்ணீர்தான் இருக்கும். கிரீஸுக்கு அங்கே வேலையே இல்லை. இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

"ஆமா," என்று செருப்பைக் கழற்றினார் அவர். "பெரிய ரோதனை." அவளைத் தாண்டி உள்ளே போய்விட்டார்.

மறுநாள் சட்டையை ஒரு பையில் சுருட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். தெருமுனைக் கடையில் சோப்புக்கென்றே ஒரு சுவர். கீழ்த்தட்டில் பார் சோப்புகள், பதினாறு வருஷமாக அவள் வாங்குகிற பச்சை பார் உட்பட. அதற்கு மேலே பவுடர்கள்: வாளிக்கு ஒன்று, மெஷினுக்கு ஒன்று, வெள்ளைத் துணிக்கு, கலர் துணிக்கு, குழந்தைத் துணிக்கு. எல்லா உறையிலும் ஒரு சட்டை, அதில் ஒரு கறை, கறைக்குள் ஒரு அம்புக்குறி. கடைக்காரம்மாவுக்குத் தெருவில் மோப்பக்கா என்று பெயர். எதைக் கொடுத்தாலும் முதலில் மோந்து பார்த்துவிட்டுத்தான் பேசுவாள்.

"எண்ணெய்க் கறைக்கு எது நல்லதுக்கா?"

"எந்த எண்ணெய்? எண்ணெய்ல எத்தனையோ இருக்கும்மா. தலைக்கு வைக்கிறதா, வண்டிக்கு ஊத்துறதா, வாய்க்கு ருசியா பொரிக்கிறதா? ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு மருந்து. நோவு தெரியாம மாத்திரை குடுத்தா ஆளு தேறுவானா?"

கிரீஸ் என்று சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாகப் பையைத் திறந்து சட்டைக் கையை நீட்டினாள். மோப்பக்கா அதை இரண்டு தடவை மோந்தாள். கண்ணை மூடி மூன்றாம் தடவையும் மோந்தாள்.

"காஞ்ச எண்ணெய். கடாய்ல பொரிக்கிற எண்ணெய். அதுவும் அதையே நாலு நாளா காய்ச்சியிருக்கான். என்னம்மா இது, உங்க வீட்டுக்காரரு பஸ்ஸுலதான இருக்காரு? பஸ்ஸ எடுத்துப் பொரிக்கிறாரா?"

ஊசிப் பாக்கெட் வாங்க வந்து நின்ற டெய்லர் சிரித்தபடி திரும்பிப் பார்த்தார்.

"இது அவரு சட்டை இல்லக்கா," என்றாள் அவள். சொல்லவேண்டும் என்று நினைக்கவே இல்லை. நாக்கு தானாகவே நடந்து போய்விட்டது. "என் தம்பியோடது."

"உனக்குத் தம்பி இருக்கானா? இத்தனை வருஷத்துல சொல்லவே இல்லையே."

"வெளியூர்ல இருந்தான். இப்பதான் வந்திருக்கான். ஓட்டல் வேலை."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு." அது ஒன்று மட்டும் பொய் இல்லை.

"அப்ப அவன் பொண்டாட்டி என்ன பண்றா? நீ எதுக்குத் தூக்கிக்கிட்டு அலையுற?"

"அவளுக்கு இந்தக் கறை புதுசுக்கா," என்றாள் அவள்.

மோப்பக்காவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஸ்டூலில் ஏறி இரண்டு சாமான்களை இறக்கினாள். "கேட்டுக்கோ. முதல்ல தண்ணி காட்டாத. தண்ணி பட்டா எண்ணெய் நூலுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும். காஞ்ச துணியிலயே பாத்திரம் கழுவுற இந்த லிக்விட் ரெண்டு சொட்டு விடு. விரலால தேய். கால் மணி நேரம் அப்படியே விட்டுடு, நோண்டாத. அப்புறம் கை பொறுக்கிற சூட்டுல வெந்நீர். அப்புறம் இந்தப் பவுடர், என்ஸைம் போட்டது. எண்ணெயத் தின்னும். உன் பச்சை பாரும் மண்ணெண்ணெயும் இதுகிட்ட செல்லாது. இன்னொண்ணு, கறை முழுசா போகாம இஸ்திரி போட்டுடாத. சூடு பட்டுடுச்சுன்னா அப்புறம் அது கறை இல்ல, சட்டையோட கூடப் பொறந்ததுன்னு வச்சுக்கோ."

'ஏற்கெனவே போட்டுட்டேன்' என்று அவள் சொல்லவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பை கனத்தது. லிக்விடும் பவுடரும் சேர்ந்தால் எவ்வளவு கனம் இருக்கும்? இருந்தாலும் கை மாற்றி மாற்றிப் பிடித்தாள். ஆறு மாதத்துக்கு முன்னால் அவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "பேட்டரி பஸ் வருதாம். கிரீஸே அவ்வளவா வேணாமாம். உனக்கு வேலை மிச்சம்." அவள் சிரித்துக்கொண்டே, "அப்ப நான் யாரோட சண்ட போடுறது?" என்று கேட்டாள். அவரும் சிரித்தார். சிரித்தாரா? அவள் நடுத்தெருவில் நின்று யோசித்தாள். சைக்கிள்காரன் ஒருவன் மணியடித்துத் திட்டிவிட்டுப் போனான்.

லிக்விட் வேலை செய்தது. காய்ந்த துணியில் விட்ட சொட்டு, மினுக்கத்தின் மேல் மெல்ல இறங்கி, கால் மணி நேரத்தில் எண்ணெயை மேலே கொண்டுவந்துவிட்டது. வெந்நீரில் அலசியபோது தண்ணீரின் மேல் சின்னச் சின்ன வட்டங்கள் மிதந்தன. அவள் வட்டங்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இஸ்திரி போட்ட சட்டையில் மட்டும் பாதிதான் போனது.

இரண்டு சாமான்களையும் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். ஏன் ஒளிக்கிறோம் என்று அவளுக்கே கோபம் வந்தது. தப்பு செய்தது அவர். ஒளித்து வைக்கிறது அவள். புது லிக்விட் பாட்டில் கல்லின் மேல் நின்றால் அவர் பார்ப்பார், பார்த்தால் புரிந்துகொள்வார், புரிந்துகொண்ட பிறகு என்ன நடக்கும் என்றுதான் தெரியவில்லை. நேரே கேட்டுவிடலாம் என்று ஒவ்வொரு சாயங்காலமும் கதவுக்குப் போனாள். அவர் முகத்தைப் பார்த்ததும் வாயிலிருந்து "பிரேக்கா?" என்றுதான் வந்தது. "ஆமா." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர் ஒருவர்; அதற்குச் சோறு போட்டுக்கொடுக்கிறவள் அவள். அடுப்பில் வைத்ததை மறந்தாள். காய்ந்த துணிகளை மடித்து, மடித்ததை உதறி, மறுபடியும் மடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் பல்பு வாங்கக் கடைக்குப் போனார். அவள் கல்லருகே குந்திக்கொண்டு மகளின் பள்ளிக்கூடச் சீருடையைக் கசக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே மகள் எதையோ சத்தமாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். அவர் திரும்பி வந்து, பல்பு பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அவளுக்குப் பின்னால் நின்றார். அவர் நிழல் துணியின் மேல் விழுந்தது.

"உன் தம்பிய விசாரிச்சாங்க."

அவள் கை நின்றது.

"யாரு?"

"மோப்பக்கா. 'உங்க மச்சான் சட்டை வெளுத்துச்சா'ன்னு கேட்டாங்க. கடை நெறய ஆளு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வெளுத்துடுச்சுன்னு சொன்னேன்."

வீட்டுக்கு ஒரே பிள்ளை அவள். பிறக்காத தம்பி ஒருத்தன் இரண்டு பேருக்கும் நடுவே வந்து நின்றான். அவள் நுரையைக் கையிலிருந்து வழித்து எறிந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"எப்படி இருக்கான்?" என்றாள்.

கவிழ்ந்து கிடந்த வாளியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இருக்கான். ரெண்டு தடவ கையச் சுட்டுக்கிட்டான். இப்ப தேறிட்டான்."

"எங்க இருக்கான்?"

"ஆஸ்பத்திரி கேன்டீன்ல. புகை போற ஃபேன மாட்டித் தரப் போனவன, அன்னிக்கு ஆளு வரலன்னு அடுப்புல நிக்கச் சொன்னாங்க. நின்னான். நின்னுட்டான்."

"பஸ்ஸு?"

"பேட்டரி பஸ்ஸுக்கு வேற பசங்க வந்துட்டாங்க. கம்ப்யூட்டரோட வராங்க. அடியில படுக்க ஆளு வேணாமாம்."

அவள் சீருடையைப் பிழிந்தாள். தண்ணீர் நின்ற பிறகும் பிழிந்துகொண்டிருந்தாள். "அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா அவன்? அக்கா என்ன முழுங்கிடுவாளா?"

"சொல்லத்தான் வந்தான்." அவர் பல்பு பெட்டியின் மூடியைத் திறந்து திறந்து மூடினார். "டெப்போல கடைசி நாளு. வழி முழுக்க எப்படிச் சொல்றதுன்னு ஒத்திகை பாத்துக்கிட்டே வந்தான். வாசல்ல வந்து வாயத் திறந்தான். அதுக்குள்ள அக்கா 'கியர்பாக்ஸா?'ன்னு கேட்டா. ஆமான்னுட்டான்."

அவளுக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. அழுக்கில்லாத சட்டையோடு வந்தவரைப் பார்த்து, "என்னங்க, பஸ்ஸுக்கெல்லாம் லீவா? மாப்பிள்ளை மாதிரி வந்து நிக்கிறீங்க" என்று கேலி செய்தவள் அவள்தான். அதற்கடுத்த நாளிலிருந்துதான் பையின் மேல் கிரீஸ்.

"அக்கா விளையாட்டுக்குக் கேட்டா," என்றாள். துணியை ஒரு அடி அடித்தாள்.

"தெரியும். அவனுக்கும் அந்த விளையாட்ட விட மனசு வரல."

உள்ளே மகளின் குரல் ஒரு வரியில் தடுக்கி, முதலிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தது. இரண்டு பேரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள்.

"அவன் பொண்ணுக்கு எப்ப சொல்லப் போறானாம்?"

அவர் எழுந்து பல்பு மாட்டப் போய்விட்டார்.

மறுநாள் காலை அவர் கிளம்பிப் போன பிறகு, கல்லின் மேல் பச்சை பாருக்குப் பக்கத்தில் அந்தத் தைல டப்பா இருந்தது. அவள் மூடியைத் திருகினாள். உள்ளே தேன் நிற கிரீஸ், முக்கால்வாசி இருந்தது. நடுவில் ஒரு பெருவிரல் பதிந்து இழுத்த பள்ளம். ஒவ்வொரு நாளும் அதே இடத்தில், அதே விரல். பஸ் நிறுத்தத்திலோ, ஏதோ ஒரு சுவரோரத்திலோ நின்று, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, மனுஷன் தன் சட்டையில் தானே கறை பூசிக்கொண்டிருக்கிறார். அவள் தன் பெருவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தாள். விரல் இரண்டு பக்கமும் இடம் விட்டு உள்ளே போனது. டப்பாவை மூடி நிலைப்படிப் பலகையில், தூசியில் விட்டிருந்த வட்டத்தின் மேல் சரியாக வைத்தாள். டிரம்முக்குப் பின்னாலிருந்த லிக்விடை எடுத்துக் கல்லின் மேல் எல்லோரும் பார்க்கிற இடத்தில் வைத்தாள். பிறகு அதை எடுத்தாள். மறுபடியும் வைத்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் மகள் அவளை முந்திக்கொண்டு கதவுக்கு ஓடினாள். பள்ளிக்கூடத்தில் ஏதோ பாராட்டு வாங்கி வந்திருந்த துள்ளல்.

"அம்மா, நீ பேசாத. இன்னிக்கு நான்தான் இன்ஸ்பெக்டர்," என்றாள். "அப்பா, அப்படியே நில்லு. அசையாத."

அவர் வாசற்படிக்கு வெளியே செருப்போடு நின்றார். சட்டைப் பையில் கிரீஸ் இல்லை. சட்டை வெறும் நீலமாக இருந்தது. மகள் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

"கியர்பாக்ஸ்."

அவர் மகளுக்குப் பின்னால் நிற்கிறவளைப் பார்த்தார். அவள் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல," என்றார்.

மூன்று வாரத்துக்கும் மேலாகக் கேட்காத சொல்.

"பிரேக்கா?"

"இல்ல."

"ஆக்சில்? சொல்லிட்டேன், ஆக்சில்தான்."

"இல்லம்மா. நல்லா பாரு."

மகள் இன்னும் ஒரு அடி கிட்டே போனாள். தெருவின் சாய்ந்த வெயில் அவருக்குப் பக்கவாட்டில் விழுந்திருந்தது. அவர் இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கி, சோதனைக்கு நிற்கிறவர்போல நின்றார். அந்த வெயிலில், முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை, இடுப்போரத்திலும், திட்டுத் திட்டாக அந்த மினுக்கம் மெல்ல எழுந்து வந்தது. மகள் விரலை நீட்டித் தொட்டாள். தொட்ட விரலை மூக்குக்குக் கொண்டுபோனாள்.